மெக்ளஸ்கிகஞ்சு: ஒரு வேளாண் குடியேற்றமும் அதன் சொற்களும்

ஜார்க்கண்டு மாநிலத்தில், ராஞ்சிக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது மெக்ளஸ்கிகஞ்சு. ஆங்கிலோ இந்தியருக்கெனத் தோற்றுவிக்கப்பட்டுப் பின்னர் அவர்களாலேயே பெரிதும் கைவிடப்பட்ட ஊர் இது. இதன் வரலாற்றையும், அதனைத் தமிழில் கூறும்போது எழும் சொற்சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

1. தோற்றம்

இரயில்வே, அஞ்சல்-தந்தி, சுங்கம் ஆகிய துறைகளின் பணிகளையே ஆங்கிலோ இந்தியர் பெரிதும் நம்பியிருந்தனர். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்குப் பின் அப்பணிகள் பிற இந்தியருக்கும் பரவலாகத் திறந்துவிடப்பட்டன. இந்நிலையில், கல்கத்தாவைச் சேர்ந்த எர்னஸ்ட் திமோதி மெக்ளஸ்கி 1933இல் இந்தியக் குடியேற்றச் சங்கத்தை நிறுவினார். ராத்து அரசரிடமிருந்து ஏறத்தாழ 10,000 ஏக்கர் நிலம் குத்தகைக்குப் பெறப்பட்டது. சங்கத்தில் பங்கு வாங்கியோர் நிலம் பெற்றனர். பத்தாண்டுகளுக்குள் சுமார் 300 குடும்பங்கள் குடியேறின.

2. தேய்வு

வந்தவருள் பலர் பணி ஓய்வு பெற்றோர்; உழவில் பயிற்சி இல்லாதவர். பாசனமும் விளைபொருளுக்கான சந்தையும் போதுமானவையாக இல்லை. மெக்ளஸ்கி 1935இல் மறைந்தார். இரண்டாம் உலகப்போரையும் 1947ஆம் ஆண்டு விடுதலையையும் அடுத்து, இளையோர் பிரித்தானியா, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்றனர். ஒரு சில குடும்பங்களே எஞ்சின. 1997இல் தொடங்கப்பட்ட பள்ளியின் மாணவர்க்கு விடுதி நடத்துவது எஞ்சியோர் சிலருக்கு வாழ்வூதியமாயிற்று.

3. சொற்கள்

ஊர்ப்பெயரின் முற்பகுதி நிறுவியவரின் குடிப்பெயர். பிற்பகுதியான ‘கஞ்ச்’ பாரசீகத்தில் கருவூலத்தையும், வட இந்திய ஊர்ப்பெயர்களில் சந்தையையும் குறிப்பது. சந்தையின்மையால் நலிந்த ஊருக்குச் சந்தைப் பெயர் அமைந்தது கருதத்தக்கது.

குடியேறியோர் இவ்விடத்தை ‘முல்க்’ என்றனர். அரபு வழி வந்த இச்சொல் ‘நாடு’ எனப் பொருள்படும். இதனைத் ‘தாயகம்’ எனப் பெயர்ப்பது எளிது, ஆயின் பொருந்தாது. தாயகம் பிறப்பால் வருவது. இந்நிலமோ பங்குத்தொகையால் வந்தது. மேலும், லாப்ரா, கோன்கா, ஹெசாலாங் முதலிய சிற்றூர்கள் அங்கு முன்னரே இருந்தன. அவ்வட்டாரப் பழங்குடியினருள் ஒராவோன் மக்களின் மொழியாகிய குடுக், தமிழுக்கு உறவான வடதிராவிட மொழியாகும். ‘தாயகம்’ என எழுதினால் அம்மக்களின் உரிமை மறைந்துவிடும். ‘தமக்கென ஒரு நாடு’ என விரித்தெழுதின் குடியேறியோரின் விழைவு விளங்கும். அந்நிலத்தில் முன்னரே வாழ்ந்தோருக்கும் இடம் இருக்கும். குடியேற்ற வரலாறுகளைப் பெயர்ப்போர், ஒரு சொல் யாருடைய நோக்கிலிருந்து பிறந்தது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.