உயரம் குறைத்த ஸ்போர்ட்ஸ் காருக்குச் சக்கரமும் டயரும் தேர்ந்தெடுத்தல்

ஸ்பிரிங்குகளை மாற்றி உயரம் குறைக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய சக்கரமும் டயரும் வாங்கும்போது, தோற்றத்துக்கு முன்பாக அளவுகளைப் பார்க்க வேண்டும். காரை இறக்கினால் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ள இடைவெளி குறைகிறது. முன்பு உரசாமல் ஓடிய அதே டயர், இப்போது பள்ளத்தில் இறங்கும்போதோ ஸ்டீயரிங்கை முழுதும் ஒடிக்கும்போதோ உரசலாம். உரசல் தொடர்ந்தால் பக்கச்சுவர் அறுபட்டு, ஓட்டத்திலேயே டயர் வெடிக்கும் ஆபத்து உண்டு. 2012-இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா 86 காரின் 17 அங்குலச் சக்கர வகை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பொருந்த வேண்டிய அளவுகள்

இக்காரின் சக்கரத்தில் 5 போல்ட்டுகள் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன. இதை 5×100 என்று குறிப்பர். பரவலாகக் கிடைக்கும் 5×114.3 சக்கரம் இதில் பொருந்தாது. ஹப்பின் விட்டம் 56.1 மி.மீ. வெளிச்சந்தைச் சக்கரங்கள் பலவற்றின் நடுத்துளை இதைவிடப் பெரியது. அந்த இடைவெளியை நிரப்ப வளையம் போட வேண்டும். இல்லையெனில் சக்கரம் சரியாக மையம் கொள்ளாமல் வேகத்தில் அதிர்வு தோன்றலாம்.

நட்டிலும் கவனம் தேவை. டொயோட்டா கார்கள் பலவற்றில் மரையின் இடைவெளி 1.5 மி.மீ. ஆனால் 86 காரைத் தயாரித்தது சுபாரு என்பதால் இதில் 1.25 மி.மீ. மாற்று நட்டை வலிந்து முறுக்கினால் போல்ட்டின் மரை கெட்டுவிடும்.

அகலமும் ஆஃப்செட்டும்

சக்கரம் ஹப்பில் பதியும் முகம், சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் தூரமே ஆஃப்செட். 86-இன் மூலச் சக்கரம் 7 அங்குல அகலமும் 48 மி.மீ. ஆஃப்செட்டும் கொண்டது. அதற்குப் பதில் 8 அங்குல அகலம், 40 மி.மீ. ஆஃப்செட் உள்ள சக்கரத்தைப் போடுவதாகக் கொள்வோம். அகலம் 1 அங்குலம் கூடுவதால் இருபுறமும் 12.7 மி.மீ. வீதம் விரிகிறது. ஆஃப்செட் 8 மி.மீ. குறைவதால் சக்கரம் முழுவதும் வெளியே தள்ளப்படுகிறது. ஆகவே வெளிவிளிம்பு 20.7 மி.மீ. வெளியேயும், உள்விளிம்பு 4.7 மி.மீ. உள்ளேயும் நகர்கின்றன. வெளியே மட்கார்டு, உள்ளே ஸ்ட்ரட் ஆகிய இரண்டுக்கும் உள்ள இடைவெளியை முன்னதாகவே அளந்துகொள்ள வேண்டும்.

டயரின் விட்டம்

மூல டயர் 215/45 ஆர்17. 215 என்பது மி.மீ. அளவில் அகலம், பக்கச்சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு. மொத்த விட்டம் சுமார் 625 மி.மீ. 18 அங்குலத்துக்கு மாறும்போது 215/40 ஆர்18 டயர் சுமார் 629 மி.மீ. விட்டத்துடன் மூல அளவை ஒட்டி நிற்கும். 225/40 ஆர்18 டயரோ சுமார் 637 மி.மீ. ஆகிறது. இறக்கிய காரில் இந்த 12 மி.மீ. கூடுதல் உரசலுக்குப் போதுமானது. வேகமானியும் உண்மை வேகத்தைவிட ஏறத்தாழ 2 விழுக்காடு குறைத்துக் காட்டத் தொடங்கும்.

சுமைத் திறன்

டயரில் உள்ள 87 என்ற சுமைக் குறியீடு 545 கி.கி. தாங்கும் திறனைக் குறிக்கிறது. 85 என்றால் 515 கி.கி. மூல டயரின் குறியீட்டுக்குக் குறையாத டயரை வாங்குவதே பாதுகாப்பானது.

சட்டமும் சரிபார்ப்பும்

ஜப்பானில் ஷாக்கென் எனப்படும் கட்டாய வாகனப் பரிசோதனையில் காரின் அடிப்பாகம் தரையிலிருந்து 9 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. பிற நாடுகளின் விதிகள் வேறுபடும் என்பதால், வாங்குமுன் உள்ளூர் விதியை அறிந்துகொள்வது அவசியம்.

பொருத்திய பின் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதும் ஒடித்தும், ஆட்களை ஏற்றியும் உரசல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். உயரம் குறைந்ததால் சக்கரங்களின் மேற்பகுதி உட்புறமாகச் சாய்ந்திருக்கும். வீல் அலைன்மென்ட் செய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு விரைவில் தேய்ந்துவிடும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அத்தேய்மானம் தெரியாது.