ஊர்வலம் போன நகரமும் கதவடைத்த நகரமும்

1918 செப்டம்பர் 28. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் அன்று பெரிய ஊர்வலம். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. போர்ச் செலவுக்காக அரசு கடன் பத்திரங்கள் விற்றது. அவற்றை மக்கள் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஊர்வலம். பேண்டு வாத்தியம் முழங்க, சாலையின் இரு பக்கமும் ஏறக்குறைய 2 லட்சம் பேர் தோளோடு தோள் உரச நின்றார்கள்.

அதே நகரத்தின் கப்பற்படைத் தளத்தில் கொடிய ஃபுளூ காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. ஊர்வலம் வேண்டாம் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். நகர நிர்வாகம் கேட்கவில்லை. மூன்றே நாட்களில் மருத்துவமனைகளில் படுக்கக் கட்டில் இல்லை. ஆறு வாரங்களுக்குள் 12,000 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள்.

ஊர்வலத்தன்றே யாரும் ஏன் படுத்துவிடவில்லை? ஃபுளூ கிருமி உடம்புக்குள் போனதும் காய்ச்சல் வந்துவிடாது. அது பல்கிப் பெருகப் பெரும்பாலும் இரண்டு நாள் ஆகும். காய்ச்சல் தெரிவதற்கு முந்தின நாளே, கிருமி புகுந்தவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கிவிடலாம். நன்றாகத்தானே இருக்கிறார் என்று நாம் நினைப்பவரிடமும் கிருமி இருக்கலாம் என்பதுதான் இதில் பெரிய சிக்கல்.

அது எப்படித் தாவுகிறது? இருமினாலும் தும்மினாலும், ஏன், சத்தமாகப் பேசினாலும்கூட வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளிகள் பறக்கின்றன. கனமான துளிகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். 2020-இல் கொரோனா வந்தபோது ரேஷன் கடை வாசலில் வட்டம் வட்டமாகக் கோடு போட்டு ஆட்களை நிற்கவைத்தது இதனால்தான். உங்கள் அக்கா அண்ணனைக் கேட்டுப் பாருங்கள். மிக நுண்ணிய துளிகள் மட்டும் மூடிய அறையில் வெகுநேரம் மிதக்கும். அதற்கு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. ஒருவர் இரண்டு பேருக்குத் தொற்றவைக்கிறார், அந்த இருவரும் ஆளுக்கு இரண்டு பேருக்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16... பத்தாவது சுற்றில் மட்டும் புதிதாக 1,024 பேர்! ஆனால் ஆட்கள் சந்திப்பது குறைந்து, பத்து நோயாளிகளிடமிருந்து ஐந்து பேருக்குத்தான் தொற்றுகிறது என்றால்? அடுத்த சுற்றில் இரண்டோ மூன்றோ, அதற்கடுத்து ஒன்று. பிறகு தொற்ற ஆள் கிடைக்காமல் நோய் நின்றுவிடும். கணக்கு இப்படி இருப்பதால்தான் ஆட்கள் கூடுவதைத் தடுக்க எந்த நாளில் தொடங்குகிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. நான்கு சுற்று தாமதித்தால் ஒருவர் இருந்த இடத்தில் பதினாறு பேர் இருப்பார்கள்.

பிலடெல்பியா மக்களிடையே நோய் வந்தது செப்டம்பர் 17 அளவில். பள்ளிகளையும் தியேட்டர்களையும் மூட உத்தரவு வந்ததோ அக்டோபர் 3. செயின்ட் லூயிஸ் என்ற இன்னொரு நகரத்தில் அக்டோபர் 5 அளவில் நோய் தலைகாட்டியது. அங்கே சுகாதார ஆணையராக இருந்த மாக்ஸ் ஸ்டார்க்லாஃப் என்ற மருத்துவர் இரண்டே நாளில் உத்தரவு போடவைத்தார். பள்ளி, தியேட்டர், தேவாலயம் எல்லாம் மூடப்பட்டன. வியாபாரிகள் எதிர்த்தார்கள், அவர் அசையவில்லை. இறப்பு உச்சத்துக்குப் போன வாரத்தில் பிலடெல்பியாவில் லட்சம் பேருக்கு 257 பேர் இந்த நோயால் இறந்தார்கள். செயின்ட் லூயிஸில் கட்டுப்பாடுகள் இருந்தவரை அந்த உச்சம் 31.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் வியப்பான சங்கதி இது. ஃபுளூவுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதே அன்று ஸ்டார்க்லாஃபுக்குத் தெரியாது. மனிதர்களிடமிருந்து அந்த வைரஸைப் பிரித்தெடுத்தது 1933-இல்தான். தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை, எதிரி யாரென்றும் தெரியவில்லை. ஆட்களை விலக்கி வைத்தே அத்தனை உயிர்களைக் காக்க முடிந்திருக்கிறது.

நவம்பர் நடுவில் போர் முடிந்த மகிழ்ச்சியோடு செயின்ட் லூயிஸ் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. கிருமி இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. நோயாளிகள் மறுபடி கூடினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஸ்டார்க்லாஃப் பள்ளிகளை இரண்டாம் முறை மூடவைத்தார்.