செஞ்சிக்கு வந்த தென் அமெரிக்கச் சிப்பாய்!

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690-ல் வந்து உட்கார்ந்தார். உள்ளே நுழைவதற்குள் 1698 ஆகிவிட்டது. அப்பேர்ப்பட்ட ஊருக்குள் தென் அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் சத்தமே போடாமல் நுழைந்து, என் நண்பர் வீட்டு உரக்குழி ஓரம் முகாம் போட்டிருக்கிறார்!

நண்பர் வீட்டுக் கொல்லையில் நின்றால் ராஜகிரி தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து என் செல்போனுக்கு ஒரு போட்டோ. கூடவே அலறல். ''யோவ், உரக்குழியில குளவி வந்து குந்திக்கினு இருக்குய்யா! பசங்க அங்கதான் ஆடுதுங்க. பைக்குல இருந்து பெட்ரோல் எடுத்து ஊத்திக் கொளுத்திடவா?''

பயத்தில் நியாயம் உண்டு. கதண்டு கொட்டி உயிரே போன செய்திகளைப் படிக்கிறோமே! என்னிடம் ஏன் கேட்டார் என்றால், எனக்குக் கொஞ்சம் பூச்சிப் பைத்தியம். ஆபீஸில் என் பெயரே 'ஈ ஓட்டி'. (வேலை செய்யாததால் வந்த பெயர் என்று மானேஜர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.)

குளவிக்கு இறக்கை நாலு. ஈக்கு ரெண்டே ரெண்டு. சுலபம்தானே என்பீர்கள். போட்டோவில் எண்ணிப் பாருங்கள், தெரியும்! குளவியின் பின்னிறக்கை முன்னிறக்கைக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும். ''கிட்டப் போகாம, ஜூம் பண்ணி, பக்கவாட்டில ஒண்ணு எடுத்து அனுப்புய்யா'' என்றேன்.

வந்தது. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் வெளிறின நிறத்தில் குண்டூசித் தலை மாதிரி ஒரு சமாச்சாரம். ஈ வர்க்கத்தில் பின்னிறக்கை சுருங்கிச் சுருங்கி இப்படி ஆகிவிட்டது. பறக்கும்போது பேலன்ஸ் பண்ண உதவும். ஆக, ஆசாமி குளவி இல்லை, ஈ!

எந்த ஈ? உடம்பு முழுக்கக் கருப்பு. கால் நுனி மட்டும் சாக்ஸ் போட்டாற்போல் வெள்ளை. இறக்கை நரம்புகள் முன்பக்க ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. முக்கியமாக, வயிறு ஆரம்பிக்கிற இடத்தில் கண்ணாடி ஜன்னல் மாதிரி ரெண்டு திட்டு. அதன் வழியே வெளிச்சம் பாய்வதால் இடுப்பு ஒடுங்கினதுபோல் தெரிந்து, பார்க்கிறவன் குளவி என்று பதறி ஓடுகிறான். அவ்வளவும் வேஷம்! கொடுக்கு கிடையாது. கடிக்கவும் கடிக்காது.

பெயர் கருப்பு சிப்பாய் ஈ. விஞ்ஞானப் பெயர் ஹெர்மீஷியா இல்லூசென்ஸ். இதில் 'இல்லூசென்ஸ்' 1758-ல் லின்னேயஸ் சூட்டினது. பூர்விகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். மனுஷனின் சரக்குகளோடு தொற்றிக்கொண்டு உலகம் சுற்றிவிட்டது. இதன் புழு காய்கறிக் கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கும். கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக இதைப் பண்ணை வைத்தே வளர்க்கிறார்கள். பெட்ரோல் பைக்கிலேயே தங்கியது. ''அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்குதே, வாழைப்பழத் தோல் போடட்டுமா?'' என்று நண்பரின் வீட்டுக்காரம்மா விசாரித்ததாகக் கேள்வி.

எல்லா ஈயும் இப்படி வசமாகச் சிக்காது. இதன் சொந்த ஊர்ப் பக்கம் இதே ஹெர்மீஷியா இனத்தில் ஏகப்பட்ட பங்காளிகள். மங்கலான ஒரே ஒரு படத்தை நீட்டினால் அங்கே நிபுணரே உதட்டைப் பிதுக்குவார். நம் மாம்பழ ஈ மட்டும் என்னவாம்? அதன் சொந்தக்காரர்களைப் பிரித்துச் சொல்லப் பல சமயம் பூச்சியையே அறுத்துப் பார்க்க வேண்டும். செல்போன் ஆப் பட்டென்று ஒரு பெயர் சொல்லும். அதை டீக்கடைத் தகவலாக மட்டும் வைத்துக்கொண்டு, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று என்று மூன்று படம் எடுங்கள். உணர்கொம்பு தெளிவாக விழட்டும். அளவு தெரிய, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைப்பது நல்லது.

மரத்திலோ கூரையிலோ பெரிய கூடாகத் தொங்கினால் மட்டும் காசு வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுங்கள்.