எத்தனுக்குக் கல்யாணம் எதற்கு?

சாரா வாட்டர்ஸின் ‘ஃபிங்கர்ஸ்மித்’ (2002) நாவலைப் பாதி படித்த நண்பர் கேட்டார்: “பணம்தான் குறி என்றால் அந்த எத்தன் திருடிக்கொண்டு ஓடலாமே? எதற்குக் கல்யாணம், பைத்தியக்கார விடுதி என்று இவ்வளவு சுற்றுவழி?” நல்ல கேள்வி. இன்னொரு டீ சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கதை நடப்பது 1860களின் இங்கிலாந்தில். கல்யாணம் ஆனதும் சட்டத்தின் கண்ணில் பெண் தனி ஆள் இல்லை. அவளுடைய ரொக்கம், நகை, சம்பாத்தியம் எல்லாம் கணவனுடையது. நிலம் இருந்தால் அதன் வருமானமும் அவனுக்கே. விவரமான அப்பாக்கள் முன்கூட்டியே சொத்தை டிரஸ்டில் போட்டு மகளைக் காப்பாற்றுவார்கள். எத்தன் குறிவைக்கும் மோட் லில்லிக்கு அப்படி யாருமில்லை. இருப்பது புத்தகப் பித்துப் பிடித்த மாமா மட்டும். அவளுக்குரிய பணமும் கல்யாணம் ஆனால்தான் கைக்கு வரும். ஆக, தாலி கட்டுவதே திருட்டு. பூட்டை உடைக்கத் தேவையில்லை.

பணம் வந்தபின் மனைவி எதற்கு? அதற்கும் வழி இருந்தது. இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்துச் சான்றிதழ் தர, கணவன் மனுவில் கையெழுத்திட்டால் விடுதிக் கதவு மூடிவிடும். நீதிபதி உத்தரவு வேண்டும் என்றானது 1890இல்தான்.

இதற்கு உடந்தையாக வேலைக்காரி வேடத்தில் போகும் சூவுக்கு நடக்கும் பயிற்சி எனக்குப் பிடித்த இடம். நாற்காலியையே சீமாட்டியாக வைத்து உள்ளாடை, கோர்செட் என்று ஒவ்வொன்றாக உடுத்திப் பழகுகிறாள். போலி நற்சான்றுக் கடிதமும் தயார்.

நாவலாசிரியர் மிகைப்படுத்துகிறாரோ என்றால், நிஜத்தில் வாழ்ந்த எழுத்தாளர் கரோலின் நார்ட்டனைப் பாருங்கள். கணவர் 1836இல் பிரதமர் மெல்போர்னோடு அவரைச் சேர்த்துப் பேசி வழக்குப் போட்டுத் தோற்றார். தோற்றும் பிள்ளைகள் கணவர் வசம். கரோலின் எழுதிச் சம்பாதித்ததற்கும் சட்டப்படி கணவரே சொந்தக்காரர். கரோலின் விடவில்லை. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் விடக் கோரித் தாய் மனுப் போடலாம் என்று 1839இல் சட்டம் வந்ததில் அவர் பங்கு பெரிது. சொத்துரிமை 1870இல் அரைகுறையாகவும் 1882இல் முழுதாகவும் வந்தது.

பார்க் சான்-வூக் இக்கதையை ஜப்பான் ஆண்ட கொரியாவுக்கு மாற்றி ‘தி ஹேண்ட்மெய்டன்’ (2016) எடுத்தார். படம் பிரமாதம்தான். ஆனாலும் சட்டம் போடும் அந்தக் கிடுக்கிப்பிடி நாவலில்தான் உறைக்கிறது. மீதியைப் படித்துவிட்டுப் படம் பாருங்கள் என்பது என் கட்சி.