கியர்பெட்டி மாற்றம்

கியர்பெட்டி மாற்றம் என்பது ஒரு தானுந்தில் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட கியர்பெட்டியை (பல்லிணைப்பெட்டி) நீக்கிவிட்டு, அதைவிட வலிமையான வேறொரு கியர்பெட்டியைப் பொருத்துவதாகும். எஞ்சினின் ஆற்றல் கூட்டப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்களிலேயே இது மிகுதியாகச் செய்யப்படுகிறது. அமெரிக்காவில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. இந்தியாவில் இது அரிது. சட்டச் சிக்கலும் உண்டு.

முறுக்குவிசையும் பற்களும்

கியர்பெட்டியை உடைப்பது வேகம் அன்று. குதிரைத்திறனும் நேரடிக் காரணம் அன்று. உடைப்பது முறுக்குவிசை. மதுரையிலிருந்து கொடைக்கானல் செல்லும் பேருந்து, வத்தலக்குண்டைக் கடந்து மலைச்சாலையில் ஏறும்போது ஓட்டுநர் கீழ் கியருக்கு மாறுகிறார். அப்போது பேருந்தின் வேகம் குறைகிறது; ஆனால் எஞ்சினின் முறுக்குவிசை பல மடங்காகப் பெருகிச் சக்கரத்தை அடைகிறது. இப்பெருக்கத்தின் சுமையைத் தாங்குபவை ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் ஒரு சில பற்களே.

பல்லின் மீது விழும் விசையானது முறுக்குவிசையைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்துப் பெறப்படுவதாகும். எனவே சக்கரம் பெரிதானால் பல்லின் சுமை குறையும். சக்கரம் பெரிதாக வேண்டுமெனில் கியர்பெட்டியின் முதன்மைத் தண்டுக்கும் துணைத்தண்டுக்கும் இடையிலான தொலைவு கூட வேண்டும். ஒரு கியர்பெட்டியின் வலிமையை மதிப்பிட வல்லுநர் முதலில் பார்ப்பது இந்தத் தொலைவைத்தான். போர்க்வார்னர் நிறுவனம் வடிவமைத்த டி-5 கியர்பெட்டியில் இது 77 மில்லிமீட்டர். அந்நிறுவனத்தின் டி-56 இல் 85 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் தொலைவு கூடும்போது தண்டுகளையும் தாங்கிகளையும் பருமனாக்கவும் பற்களை அகலப்படுத்தவும் இடம் கிடைக்கிறது.

சுமையேறும்போது இரு சக்கரங்களும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. தண்டு வளைகிறது, அலுமினிய உறையும் சற்றே நெகிழ்கிறது. பற்கள் முழு அகலத்தில் தொடாமல் ஓரத்தில் மட்டும் தொடுகின்றன. பல் உடைவது பெரும்பாலும் இந்த ஓரத்திலிருந்துதான் தொடங்கும். 1.00 விகிதமுள்ள நேரடி கியரில் மட்டும் இச்சுமை இல்லை. அதில் விசை துணைத்தண்டின் வழியே செல்லாமல் நேராகக் கடந்துவிடுகிறது.

மஸ்டாங்: ஓர் எடுத்துக்காட்டு

இத்துறையில் மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 1979 முதல் 1993 வரை ஃபாக்ஸ் அடித்தளத்தில் தயாரிக்கப்பட்ட ஃபோர்டு மஸ்டாங் ஆகும். 1987 முதல் இதன் 5.0 லிட்டர் வி-8 எஞ்சின் 225 குதிரைத்திறனும் சுமார் 407 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, பழைய மாருதி 800 இன் முறுக்குவிசை சுமார் 60 நியூட்டன் மீட்டரே. மஸ்டாங்கில் இணைக்கப்பட்டிருந்த ஐந்து வேக டி-5 கியர்பெட்டியின் தாங்குதிறனோ 1989 வரை சுமார் 359 நியூட்டன் மீட்டர் என்றே குறிக்கப்பட்டது. அதாவது, எவரும் கைவைக்காத நிலையிலேயே எஞ்சின் கியர்பெட்டியை விஞ்சியிருந்தது. சாதாரணச் சாலை டயர்கள் வழுக்கிச் சுமையைக் குறைத்ததால் பலருக்கு இது தெரியவில்லை. அகலமான, பிடிப்புள்ள பந்தய டயர்களைப் பூட்டி, கிளட்சைச் சட்டென விட்டவர்களுக்கு விரைவில் தெரிந்தது. பெரும்பாலும் முதலில் போனது மூன்றாம் கியர். 1990 இல் தாங்குதிறன் சுமார் 407 நியூட்டன் மீட்டராக உயர்த்தப்பட்டது. சூப்பர்சார்ஜர் பொருத்தியவர்களுக்கு அதுவும் போதவில்லை.

இதற்குப் பதிலாகப் பலர் தேர்ந்தது ஆறு வேக டி-56. டாட்ஜ் வைப்பரிலும் 1993 முதல் செவர்லே கமாரோவிலும் இடம்பெற்ற இதன் தாங்குதிறன் சுமார் 610 நியூட்டன் மீட்டர். பின்னாளில் ஃபோர்டு நிறுவனமே, சூப்பர்சார்ஜருடன் 390 குதிரைத்திறன் தந்த 2003 ஆம் ஆண்டு மஸ்டாங் கோப்ராவில் இதைப் பயன்படுத்தியது.

இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது விகிதக் கணக்கு. டி-5 இன் முதல் கியர் விகிதம் 3.35, டி-56 இன் பரவலான வகையில் 2.66. 407 நியூட்டன் மீட்டர் உள்ளே சென்றால் முதலாவதிலிருந்து சுமார் 1,363, இரண்டாவதிலிருந்து சுமார் 1,083 வெளிவரும். இந்த இழப்பைப் பின் அச்சின் கிரவுன்-பினியன் விகிதத்தை 3.08 இலிருந்து 3.73 ஆக மாற்றி ஏறத்தாழ ஈடுசெய்யலாம். மொத்தப் பெருக்கம் முன்பு 10.3, இப்போது 9.9. சக்கரத்தை அடையும் விசை கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் கியர்பெட்டியின் வெளித்தண்டும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் சுமக்கும் முறுக்குவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பெட்டியின் வலிமையில் ஒரு பகுதி, இவ்வாறு சுமையைக் குறைப்பதில் கிடைப்பதே.

பொருத்துதல்

புதிய பெட்டி பழையதைவிட நீளமாகவோ பருமனாகவோ இருக்கும். இருக்கைகளுக்கு நடுவே செல்லும் தரைமேட்டைத் தட்டி அகலப்படுத்த நேரிடலாம். கியர்பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டம் இடம் மாறும்; புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டி, நீளம் மாற்றி, மீண்டும் சமநிலைப்படுத்த வேண்டும். உள்தண்டின் வரிப்பள்ளங்களின் எண்ணிக்கை கிளட்ச் தட்டோடு பொருந்த வேண்டும். டி-5 இல் இவை 10. டிரெமெக் நிறுவனத்தின் டிகேஓ வகையில் 26. வேகமானியின் இணைப்பையும் மாற்ற வேண்டும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். கண்ணுக்குத் தெரியாதது மையப் பொருத்தம். எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் மணி வடிவ உறையின் துளையும், கிராங்க் தண்டின் மையமும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். டயல் மானியைச் சுற்றி வைத்து அளக்கும்போது மொத்த விலகல் சுமார் 0.13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. இதை அளக்காமல் பூட்டினால் உள்தண்டின் தாங்கி தேயும். கியர் தானாக நழுவும். பிறகு பழி புதிய பெட்டியின் மேல் விழும்.

எண்ணெயிலும் தவறு நேர்வதுண்டு. மேற்கண்ட இரு பெட்டிகளும் தானியங்கிக் கியர்பெட்டிக்குரிய மெல்லிய எண்ணெய்க்கென வடிவமைக்கப்பட்டவை. கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் மதுரைச் சமவெளியில் கெட்டியான 90 எண் கியர் ஆயிலே நல்லது என்று எண்ணத் தோன்றலாம். ஆனால் அது ஒத்தியக்க வளையங்களின் செயலை மந்தமாக்கி, கியர் மாற்றுவதைக் கடினமாக்கும்.

அடுத்த பலவீனம்

உடைந்துகொண்டிருந்த கியர்பெட்டி, அறியாமலேயே ஒரு மின்னுருகி போல் மற்ற உறுப்புகளைக் காத்துவந்தது. அதை வலுப்படுத்தியதும் சுமை அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிச் செல்கிறது: கிளட்ச், புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் குறுக்கு மூட்டு, கிரவுன்-பினியன், அச்சுத்தண்டு. இவற்றுள் ஆபத்தானது முன்பக்கக் குறுக்கு மூட்டு உடைவதே. வேகத்தில் அது உடைந்தால் ஷாஃப்ட்டின் முன்முனை சாலையில் குத்தி, வண்டியின் பின்புறத்தைத் தூக்கிவிடக்கூடும். இதனால் ஷாஃப்ட்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் பொருத்துவதைப் பந்தயக் களங்கள் பலவற்றின் விதிகள் கட்டாயமாக்கியுள்ளன.

இந்தியாவில்

இந்தியாவில் இதற்கு நெருக்கமான நிகழ்வு தொழிற்சாலையிலேயே நடந்தது. 1984 இல் வெளிவந்த ஹிந்துஸ்தான் கான்டெசா, பெரிய உடலுக்குப் பொருந்தாத 1489 கனசெண்டிமீட்டர் எஞ்சினையும் நான்கு வேகக் கியர்பெட்டியையும் கொண்டிருந்தது. பின்னர் 1817 கனசெண்டிமீட்டர் இசுசு எஞ்சின் வந்தபோது ஐந்து வேகக் கியர்பெட்டியும் உடன் வந்தது. அதே எஞ்சின் 1990களில் அம்பாசடரிலும் ஐந்து வேகப் பெட்டியுடன் இடம்பெற்றது. கான்டெசா தயாரிப்பு 2002 இல் முடிவுற்றது.

தனியார் செய்யும் மாற்றங்களை 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்பதை 2019 சனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது. பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் இருக்கின்றன. கியர்பெட்டியின் எண் இல்லை. எனினும் வண்டியின் வெற்றெடை அதில் உண்டு. டி-56 பெட்டி டி-5 ஐவிடக் கனமானது. ஆகவே, மதுரையில் டிஎன்-58, டிஎன்-59, டிஎன்-64 ஆகிய பதிவு எண்களை வழங்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் ஒன்றை முன்கூட்டியே அணுகாமல் வேலையைத் தொடங்குபவர், தகுதிச் சோதனையின்போதும் விபத்துக் காப்பீடு கோரும்போதும் சிக்கலைச் சந்திக்க நேரலாம்.