உங்களுக்குத் தெரியுமா? நிணநீர் வீக்கத்துக்குச் சவர்க்காரமும் மருந்துதான்!

■ நிணநீர் வீக்கத்துக்கு ஒரு காரணமான, நுளம்பு பரப்பும் யானைக்கால் நோயை இலங்கை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழித்துவிட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிசெய்தது. 1947இல் தொடங்கிய யானைக்கால் தடை இயக்கத்தின் நீண்ட உழைப்பின் பலன் அது. மேல், தென், வடமேல் மாகாணங்களின் 8 மாவட்டங்களே நோய்ப் பிரதேசங்களாக அடையாளம் காணப்பட்டவை.

■ ஆனால் நிணநீர் வீக்கம் யானைக்கால் நோயால் மட்டும் வருவதில்லை. மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின் கையும் வீங்கலாம்.

■ வீங்கிய காலையோ கையையோ தினமும் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவுங்கள், சுடுநீர் வேண்டாம். விரல் இடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றித் துடையுங்கள். அங்கே ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், தோல் வெடிக்கும், அவ்வழியே கிருமி நுழையும், ஒவ்வொரு தொற்றும் வீக்கத்தைக் கூட்டும். வலை இழுத்துக் கரையேறும் கடற்றொழிலாளர் இதைத் தவறவிடக்கூடாது.

■ உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். கணுக்காலை மேலும் கீழும் அசைத்தால் தசை சுருங்கி நிணநீரை மேலே தள்ளும். இறுக்கும் பட்டியை, பயிற்சி பெற்றவர் அளவெடுத்துத் தந்தால் மட்டும் அணியுங்கள்.

■ காய்ச்சலோடு கால் சிவந்து கொதித்தால் பயிற்சியையும் பட்டியையும் நிறுத்தி, அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் இரத்தக்கட்டியாகவும் இருக்கலாம், தாமதிக்காதீர்கள்.