அலமாதியின் எருமைகள்

ஜகாத் பாடம் நடந்துகொண்டிருந்தது. முப்பது மாடுகள் உடையவர் ஓராண்டு நிறைந்த கன்று ஒன்றையும், நாற்பது உடையவர் ஈராண்டு நிறைந்த கன்று ஒன்றையும் கொடுக்க வேண்டும் என்று விளக்கியபோது, கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்து ஓதும் மாணவன் ஒருவன், "ஹஜ்ரத், எருமையும் இந்தக் கணக்கில் சேருமா?" என்று கேட்டான். சேரும், எருமையையும் மாட்டினமாகவே மார்க்கச் சட்ட அறிஞர்கள் கொண்டுள்ளனர். விடை கூறிய பின், நீ கடைசியாக எருமையைக் கண்டது எப்போது என்று நான் அவனைக் கேட்டேன். சற்று யோசித்து, "நினைவில்லை" என்றான்.

வாசக அன்பர்களே! அவன் ஊருக்கும் எங்கள் மதரஸாவுக்கும் வெகு தொலைவில் அல்லாத அலமாதியில்தான் மத்திய அரசின் எருமைப் பண்ணை இருக்கிறது. நாட்டில் மத்திய அரசு நடத்தும் ஏழு கால்நடை இனப்பெருக்கப் பண்ணைகளுள் அது ஒன்று. கர்நாடகத்தின் ஹெசரகட்டா, ராஜஸ்தானின் சூரத்கர், குஜராத்தின் தாம்ரோடு ஆகியவை அதன் உடன்பிறப்புகள். அலமாதிக்கு ஒதுக்கப்பட்ட இனம் முர்ரா எருமை. அதே ஊரில் மத்திய அரசின் தீவனப்பயிர் நிலையமும், தேசிய பால்வள வாரியத்தின் துணை நிறுவனம் நடத்தும் உறைவிந்து நிலையமும் உள்ளன. புல், பொலிகடா, கறவை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் அமைந்திருப்பது நம் மாநிலத்தில் எளிதிற் காணக் கிடைக்காத வசதியாகும்.

முர்ராவின் தாயகம் ஹரியானாவின் ரோத்தக், ஹிஸார், ஜீந்து வட்டாரம். கொம்பு இறுகச் சுருண்டிருக்கும், நிறம் கன்னங்கறுப்பு. பாலில் கொழுப்பு ஏறத்தாழ ஏழு விழுக்காடு. நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஃபிர்னிக்கும் தயிருக்கும் எந்தப் பால் ஏற்றது என்பதை அவர்களே நமக்குச் சொல்வார்கள். ஆனால் கறுத்த தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் கொண்ட இப்பிராணி, சித்திரை வெயிலில் நிழலும் நீரும் இன்றித் தவித்துப்போகும். பருவத்திற்கு வந்தாலும் பசுவைப் போலக் கத்திக் காட்டாது. ஊமைப் பருவம் என்பார்கள். அதைக் கவனியாமல் விட்டால் உடையவருக்கு மூன்று வாரம் வீண். சினைக்காலமோ பத்து மாதத்திற்கும் மேல்.

உறைவிந்து நிலையத்தின் பணி இங்கேதான் பயன்படுகிறது. தேர்ந்த கடாவின் விந்து, மெல்லிய குச்சிகளில் அடைக்கப்பட்டு, பூஜ்யத்திற்குக் கீழே 196 பாகை குளிருள்ள திரவ நைட்ரஜனில் காக்கப்படுகிறது. கடா நிற்பது ஓரிடம். அதன் கன்றுகள் பிறப்பது நூறு கிராமங்கள். எருமை ஒன்றை மட்டும் வைத்திருக்கும் கைம்பெண்ணுக்கும் உயர்ந்த வித்து கிட்டுகிறது.

புல்லைப் பற்றியும் ஒரு கணக்கு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2012-இல் வெளியிட்ட கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், பாசன வசதியுள்ள ஏக்கரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 145 டன் பச்சைத் தீவனம் தருமென அளந்துள்ளனர். எருமைக்கு நாளொன்றுக்கு 30 கிலோ வைத்தாலும் ஓர் ஏக்கர் பதின்மூன்று எருமைகளின் பசும்புல் தேவைக்குப் போதும். இது காகிதக் கணக்கு. உழவரின் வயலில் பாதி கிடைத்தாலே பெரிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மிகுவதை ஊறுகாய்ப்புல்லாகக் குழியில் அடைத்துவைத்தால் கோடையைத் தாண்டலாம்.

நம் பகுதிக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்கு அப்பால் நெல்லூர். அம்மண்ணின் ஓங்கோல் மாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பலேறிப் பிரேசிலுக்குச் சென்றன. அங்கே ‘நெலோர்’ என்ற பெயரில் பெருகி, இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட அந்நாட்டு மாடுகளில் பெரும்பகுதியாய் நிற்கின்றன. 2023-இல் ‘வியாத்தினா-19’ என்னும் நெலோர்ப் பசுவுக்குச் சுமார் 43 லட்சம் டாலர் மதிப்பிட்டார்கள். வெப்பத்தைத் தாங்கும் நம் இனத்தை அயலார் பரந்த புல்வெளியில் விட்டுப் பேணினார்கள். நாமோ, பிறந்த மண்ணில் அதன் மேய்ச்சல் நிலத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கிறோம்.

தமிழகத்தில் 2012-இல் 7.8 லட்சமாக இருந்த எருமைகள், 2019 கணக்கெடுப்பில் 5.2 லட்சம் அளவிற்குக் குறைந்துவிட்டன. கலப்பினப் பசு விரைவில் பலன் தருகிறது என்பது ஒரு காரணம். குளம் தூர்ந்ததும், மேய்க்க ஆளில்லாததும் மற்றவை. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகமும் அதைச் சுற்றி எழுந்த கிடங்குகளும் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அதை நான் மறுக்கவில்லை, என் மாணவர்களின் தந்தையர் பலர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். எனினும் ஏரிக்கரையும் மேய்க்கால் புறம்போக்கும் ஒவ்வொன்றாய் வேலியிடப்படும்போது, நிலமற்றவரின் எருமை எங்கே போகும்?

உமர் (ரலி) அவர்கள் ‘ஹிமா’ என்னும் காப்பு மேய்ச்சல் நிலத்திற்குப் பொறுப்பாளரை நியமித்தபோது கூறிய அறிவுரை புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் உடைய எளியவரை உள்ளே விடச் சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) போன்ற செல்வர்களின் மந்தையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார்கள். அவை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் வயலும் உண்டு, எளியவரோ பிள்ளைகளோடு தம் வாசலில் வந்து நிற்பார் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஓரிரு எருமைகள் வளர்க்க எண்ணும் குடும்பத்தினர் முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கருவூட்டல் வசதியைக் கேட்டறியுங்கள். கொல்லையில் நான்கு சென்ட் இருந்தாலும் புல் கரணை நட்டுப் பாருங்கள். முதல் அறுப்புக்கு எழுபத்தைந்து நாள். பின்னர் நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை அரிவாளை எடுக்கலாம்.

அந்த மாணவனை, விடுமுறையில் ஊர் போனால் ஏரிப்பக்கம் ஓர் எருமையையாவது பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.